காப்பகத்துச் சுவருக்குப் பெயிண்ட் அடித்த வாரம்

எங்கள் சங்கம் ஒழுக்கமாக நடந்துகொள்வது என்று முடிவெடுத்த வாரத்தில்தான் ஒரு பெண்ணுக்கு வேலை போனது. இதை நான் இப்படிச் சொன்னால் கமிட்டியில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது. "மேடம் எல்லாத்துக்கும் முடிச்சுப் போடுவாங்க" என்பார்கள். சொல்லட்டும். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், முடிச்சு யார் போட்டது என்று படிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

லிங்கராஜபுரத்தில் ஒரு சந்துக்குள் நாங்கள் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறோம். அபார்ட்மென்ட்டுகளில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் குழந்தையை விட்டுவிட்டுப் போவார்கள், சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு பெரிய அறை, ஒரு சமையல்கட்டு, இரண்டு ஆயாக்கள். கமிட்டியில் உள்ள எல்லோருமே பென்ஷன்காரர்கள். தலைவர் ஒரு பெரிய கம்பெனியில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் அரசு ஆபீஸ் ஒன்றில் காலமெல்லாம் குப்பை கொட்டியவள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் கணவர் புதிதாக வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார், வாசலில் 'நாய் ஜாக்கிரதை' போர்டு மாட்டுகிற மாதிரி.

தொண்டு அமைப்புகளெல்லாம் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று சமூகப் பொறுப்பு நெறிகள் என்று சிலவற்றை எழுதி எங்களுக்கும் அனுப்பியது. கட்டாயம் ஒன்றுமில்லை, விருப்பமிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஏற்காவிட்டால் கேட்பாரில்லை, ஏற்றுக்கொண்டு மீறினாலும் கேட்பாரில்லை. ஆனாலும் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. தாய்மார்களுக்கும் புரியட்டும் என்று நானே உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒன்று: நம் முடிவு யாரைப் பாதிக்குமோ அவர்களைக் கேட்காமல் முடிவெடுக்க மாட்டோம். நான் வேலை பார்த்த இடத்தில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனாலேயே அந்த வரி எனக்கு இனித்தது.

கூட்டமைப்பிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பதாகச் சொன்னதும் தலைவருக்குக் கை பரபரத்தது. நெறிகளைக் காப்பகத்தின் பெரிய அறைச் சுவரில் எழுதிவிட வேண்டும் என்றார். வெறும் சுவரில் எழுதினால் எடுக்காது, முழு அறைக்கும் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டு எழுதலாம் என்றார். பெயிண்ட் வாசனை குழந்தைகளுக்கு ஆகாது, எனவே அந்த வாரம் முழுக்கக் காப்பகத்தை மூடிவிடலாம் என்று கமிட்டி ஒரு மனதாகத் தீர்மானித்தது. அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. பல் பிடுங்கி, கன்னம் வீங்கி, வீட்டில் கிடந்தேன்.

தாய்மார்களிடம் யாரும் சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. கேட்டில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். எப்போது? சனிக்கிழமை சாயங்காலம், எல்லாக் குழந்தைகளும் வீட்டுக்குப் போன பிறகு. எந்த மொழியில்? இங்கிலீஷில். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் நாய்கூட வராது. திங்கட்கிழமை காலையில் இடுப்பில் குழந்தையும் கையில் டிபன் டப்பாவுமாக வந்து நின்ற பெண்கள் பார்த்தது கேட்டில் தொங்கிய பூட்டைத்தான்.

எனக்கு விஷயம் தெரிந்தது புதன்கிழமை. வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அறைக்குள் ஏணி மேல் ஒரு பெயிண்டர். தரையெல்லாம் பழைய பேப்பர். அவர் எழுதிக்கொண்டிருந்த வரி, 'நம் முடிவு யாரைப் பாதிக்குமோ அவர்களைக்' என்பது வரை வந்திருந்தது. மீதிக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்தில் பல் பிடுங்கிய இடம் விண் விண்ணென்று தெறித்தது. அங்கேயே நின்று தலைவருக்குப் போன் போட்டேன்.

"யாரைக் கேட்டு மூடினீங்க?"

"கமிட்டி டிசிஷன் மேடம். மினிட்ஸ்ல இருக்கு."

"பிள்ளைங்கள அவங்க எங்க விடுவாங்க?"

"நாலஞ்சு நாள்தானே மேடம். வீட்ல யாராவது இருப்பாங்க. அவங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க, பாவம், நல்ல ஜனங்க."

வீட்டில் யாராவது இருந்தால் எதற்கு எங்கள் காப்பகத்துக்கு வருகிறார்கள்? கேட்டேன். பேசும்போது என் வாய் கோணிக்கொண்டு போயிருக்க வேண்டும், "ரெஸ்ட் எடுங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விழா. கூட்டமைப்பிலிருந்து தமிழ் தெரியாத ஒரு பெண்மணி விருந்தாளியாக வந்திருந்தார். ஆளுக்கொரு துணிப்பை, அதற்குள் ஒரு துளசிச் செடி. பயனாளி சார்பில் ஒரு தாய் பேச வேண்டுமே என்று தலைவர் பலருக்குப் போன் செய்திருக்கிறார். ஒருத்தி மட்டும்தான் வந்தாள். இரண்டு வயசுப் பெண் குழந்தையின் அம்மா, புருஷன் விட்டுவிட்டுப் போனவள், வாயே திறக்காத சுபாவம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளை மேடைக்குக் கூப்பிட்டு, தலைவர் மைக்கில் குழைந்தார்.

"இந்த டைம்ல நீங்க டியூட்டில இருப்பீங்க. எங்களுக்காக லீவு போட்டு வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்மா."

"லீவு இல்ல சார்" என்றாள். "வேலை பூட்ச்சு. அதான் வர முடிஞ்சிச்சு."

அவள் யாரையும் குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், பஸ் ஏன் லேட் என்று சொல்வது போல் சொன்னாள்.

"திங்கக்கெழம வந்து பாத்தா பூட்டு. இன்னா பண்றதுன்னு தெரியாம பாப்பாவ இட்டுக்கினு அபார்ட்மென்ட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி கன்னடத்துல, 'மகு எல்லாம் ஒளகெ பிடல்ல'ன்னு கேட்லயே நிறுத்திட்டான். கெஞ்சிப் பாத்தேன், கொழந்தய உள்ள உட முடியாதுன்ட்டான். மறுநாளும் அதே கதைதான். மூணாம் நாளு சூப்பர்வைசர் போன் பண்ணி, வேற ஆள் போட்டாச்சு, இனிமே வராதன்ட்டாரு."

விருந்தாளி என் பக்கம் திரும்பி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். சொல்லி முடித்தேன்.

இதோடு தலைவர் வெட்கப்பட்டிருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மனிதர் அசரவில்லை. மைக்கை வாங்கி, "பாருங்க, எங்க பயனாளி பயமில்லாம மேடையிலயே குறைய சொல்றாங்க. அந்தச் சுதந்திரத்த அவங்களுக்கு நாங்க குடுத்திருக்கோம். இதுதான் இந்த நெறிகளோட வெற்றி" என்றார். விருந்தாளிக்காக அதையே இங்கிலீஷிலும் சொன்னார். விருந்தாளி முதலில் கை தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஒரு பெண்ணின் பிழைப்பு போன கதைக்குக் கை தட்டுகிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளுக்கும் ஒரு துளசிச் செடி கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போல் இருந்தது. எறிந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காப்பகம் திறந்தது. அவள் வழக்கம்போல் குழந்தையோடு வந்தாள். வேறு வேலை தேடிப் போக வேண்டும், ஹெண்ணூர் பக்கம் ஒரு இடத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று ஆயாவிடம் சொல்லியிருக்கிறாள். ஆயா அவளை உள்ளே விடவில்லை. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்கு மட்டும் என்பது எங்கள் காப்பகத்தின் விதி. மேடையில் நின்று எல்லோர் முன்னாலும் வேலை போய்விட்டது என்று அவளே சொன்ன பிறகு எப்படிச் சேர்ப்பது என்று தலைவர் ஆயாவிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்.

நாங்கள் கதவைப் பூட்டியதால் அவளுக்கு வேலை போனது. வேலை போனதால் குழந்தைக்கு இடம் போனது. குழந்தைக்கு இடம் இல்லாமல் அவள் எப்படி வேலை தேடுவாள்? பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரியும் இந்தக் கணக்கைக் கமிட்டிக்குப் புரிய வைக்க எனக்கு இரண்டு கூட்டம் பிடித்தது. எல்லோரையும் சமமாக நடத்துவோம் என்று நெறி சொல்கிறதாம், ஒருத்திக்கு மட்டும் விதியைத் தளர்த்தினால் அது பாரபட்சமாம். சரி, ஒரு ஆயா வேலையாவது அவளுக்குக் கொடுங்கள் என்றேன். பயனாளியையே வேலைக்கு வைத்தால் அது நலன் முரண்பாடாம், அதற்கும் சுவரில் ஒரு வரி இருக்கிறதாம். அவளுக்கு எதிராக வரும்போது மட்டும் அந்தச் சுவருக்கு வாய் முளைத்துவிடுகிறது. நான் கத்தினேன். மேஜையைத் தட்டினேன். கூட்டமைப்புப் பெண்மணிக்கே இதையெல்லாம் எழுதி அனுப்புகிறேன் என்று மிரட்டிய பிறகுதான், வேலை தேடும் காலத்திலும் குழந்தையை விடலாம் என்று விதியை மாற்றினார்கள். மாற்றியதற்கு எனக்கு நன்றி சொல்லித் தீர்மானம் வேறு போட்டார்கள்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். காப்பகத்துக்குப் பின்பக்கம் மூன்றாவது சந்து, ஒற்றை அறை. அவள் அப்போதுதான் எங்கிருந்தோ வந்து, காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாளையிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்து விடலாம், நான் பேசி முடித்துவிட்டேன் என்றேன். என் குரலில் பெருமை இருந்திருக்கும், இல்லாமல் இருக்குமா.

"பாப்பா இங்க இல்லமா" என்றாள். "சந்தாபுரால எங்கக்கா ஊட்ல உட்டுட்டேன். ஞாத்திக்கெழம ஞாத்திக்கெழம போய்ப் பாத்துட்டு வரேன். புது எடத்துல வேலைக்குச் சேந்துட்டேன்."

இரண்டு வயசுக் குழந்தை, ஊருக்கு மறு கோடியில். கூட்டிக்கொண்டு வந்துவிடு, இனிமேல் அப்படியெல்லாம் மூட மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் மூச்சு விடாமல் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க நல்லவங்கதாமா. அங்க எல்லாருமே நல்லவங்கதான்" என்றாள். "ஆனா உங்கள நம்பி ஒரு வேலைக்குப் போவ முடியாதுமா."