தவசு இருந்த நெட்டுப் பெட்டி

ஆவூர்ப் பக்கம் எங்கள் தெருவில், சூசைமேரி அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்கு ஒரு சந்து. என் மகள் ஃபெமினா நர்சு படிப்பை முடித்துவிட்டு, ஜெர்மனி ஆஸ்பத்திரி வேலைக்காக அந்த ஊர்ப் பாஷையைப் போனிலேயே படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குள் டவர் எடுக்காது. அக்கா வீட்டில் வைஃபை இருந்தது. குவைத்தில் இருக்கும் மகன் அலெக்ஸ், தாயின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்று போட்டுக்கொடுத்தது. லீவில் வந்தபோது அவனே ஃபெமினா போனிலும் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுப் போனான். ஆனாலும் சந்தில் இறங்கி நின்றால்தான் அவளுக்குக் கிடைக்கும். ஐப்பசி மழையில் ஒரு நாள் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுச் சுவரோரம் நின்று பாடம் கேட்டாள். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அங்கே ஆணி அடிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். நடுவீட்டில் இருந்த, முதுகில் கண்ணாடி பதித்த மாதா பீடத்தைக் கழற்றி, அதில் வைத்திருந்த வைஃபை நெட்டுப் பெட்டியோடும் ஒயரோடும் சேர்த்துச் சந்துப் பக்கத்து ஜன்னலோரம், இரும்பு பீரோவை ஒட்டி மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, மாதாவுக்கு எடம் மாத்தியாச்சு?"

"இங்கிட்டுத்தான் காத்து வருது லூர்து. அவங்களுக்கும் புழுங்கும்ல?"

அன்றையிலிருந்து எங்கள் வீட்டுக்குள்ளேயே நெட்டு வந்தது. நான் அதை மாதா செய்த அற்புதம், புதுமை என்று நம்பினேன். கோவிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. புருசன் சந்தனசாமி இள வயதிலேயே தவறிவிட்டார். காட்டில் கடலை பயிர் போட்டும், கோவில் பீடத் துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தும் மகனை ஆளாக்கினார். எந்தத் திருநாளுக்கு எந்த நிறத் துணி என்று சாமியார் மறந்தாலும் அக்கா மறக்க மாட்டார். மகன் குரல் வருகிற பெட்டி என்பதால் நெட்டுப் பெட்டியை மாதா சுரூபத்தின் காலடியில்தான் வைப்பார். தூசு துடைக்கும்போது மாதாவுக்குப் பிறகு அதற்கும் ஒரு துடைப்பு உண்டு.

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. பீடம் இடம் மாறிய பிறகு, அலெக்ஸ் கூப்பிட்டால் அக்கா வீட்டுக்குள் இருந்து பேச மாட்டார். சந்தில் கிடக்கும் துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் பேசுவார்.

"உள்ள ஒக்காந்து பேசக் கூடாதாக்கா? மண்டை காயுது."

"எம்மகன் அங்க வெயில்ல நிக்கிறான். நான் இங்க நின்னா என்ன?"

தாய் மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

தவக்காலத்தில்தான் ஃபெமினாவுக்கு இண்டர்வியூ வந்தது. ஜெர்மனிக்காரர்கள் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுவார்கள். தவறவிட்டால் அந்த வருசத்துக்கு வேறு வாய்ப்பு இல்லை என்றாள். அன்று திங்கட்கிழமை. பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, போனைச் சோற்றுப் பானையில் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். நான் அடுத்த அறையில் செபமாலையோடு இருந்தேன். மூன்று கேள்வி ஒழுங்காகப் போனது. பிறகு சத்தம் நின்றது.

"அம்மா! நெட்டு போச்சும்மா!"

சந்தைத் தாண்டி ஓடினேன். அக்கா வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பார்த்தால் பீடத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை ஊதாத் துணி. தவக்காலக் கடைசியில் பாடுகளின் காலம் வந்துவிட்டால் கோவிலில் சுரூபங்களை மூடுவது எங்கள் வழக்கம். அக்கா வீட்டிலும் மூடுவார் என்று தெரியும். ஆனால் நெட்டுப் பெட்டியின் விளக்கு மினுக்கலையே காணோம்.

"அக்கா, பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"நெட்டுப் பெட்டிக்கா!"

"அதுவும் தவசு இருக்கு" என்றார் நிதானமாக. "காலையில மாதா மொகத்தையே மூடியாச்சு. இது மட்டும் பச்சையும் நீலமுமா கண்ணடிச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கு? கிறிஸ்மஸா இப்ப?"

சேசு மரி சூசையே! துணியை இழுத்தேன். கோவிலில் மிஞ்சிய கனத்த வெல்வெட்டு, அதுவும் இரண்டு மடிப்பு. பெட்டியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. ஒரு விளக்கும் எரியவில்லை.

"ஃபெமினாவுக்கு இண்டர்வியூக்கா. ஜெர்மனிக்காரன் பாதியில நிக்கிறான்."

மடியில் இருந்த கடலை அத்தனையும் தரையில் சிதற அக்கா எழுந்தார். ஓலை விசிறியை எடுத்து, காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு விசிறுவதுபோல் அந்தப் பெட்டிக்கு விசிறினார். "ஆண்டவரே, நான் அறியாமச் செஞ்சது, பிள்ளைய தண்டிச்சுராத" என்று வாய் விட்டு அழுதார்.

ஃபெமினா மெயின் ரோட்டுக்கு ஓடி, டவர் கிடைக்கிற இடத்தில் நின்று ஜெர்மனிக்குச் செய்தி அனுப்பினாள். சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிடுவதாகப் பதில் வந்தது. அப்படியே நெட்டு ஆபீசுக்கும் போன் போட்டாள். அருண்குமார் என்ற தம்பி பைக்கில் வந்து சேர்ந்தான். பீடத்தைப் பார்த்தான்; எங்களைப் பார்த்தான்.

"யாரு ஆத்தா இத இங்க வச்சது? பின்னாடி கண்ணாடி, இந்தப் பக்கம் இரும்பு பீரோ. ரெண்டுமே மறிக்கும். ஒங்க ரூமுக்குள்ள ஒரு கோடுகூட வராதே? ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்குத்தான் அம்புட்டும் போகும்."

அக்கா ஓலை விசிறியை ஆணியில் மாட்டினார்.

"மகன் சொல்லலையா, நடுவீட்டுலயே இருக்கட்டும்னு?"

"சொன்னான், சொன்னான். நீ காப்பி குடிக்கிறியாப்பா?"

"அப்பறம் ஏன் மாத்துனீங்க? பக்கத்து வீட்டுக்குக் கனெக்ஷன் எடுத்த மாதிரில்ல இருக்கு!"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணி அடித்த சத்தம், துவைக்கிற கல், தலையில் முந்தானை, எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்தன. நான் மெழுகுதிரி ஏற்றியது மாதாவுக்கு. வெயிலில் நின்றது இந்த மனுசி. தன் வீட்டு நெட்டைச் சந்தில் நின்று வாங்கியிருக்கிறார். அதைக் கேட்டதற்கு, மகன் வெயிலில் நிற்கிறான் என்று ஒரு கதையும் சொல்லியிருக்கிறார்.

அருண்குமார் பெட்டி ஆறும்வரை காத்திருந்தான். பிறகு அதைக் கண்ணாடியை விட்டு எடுத்து, பீரோவுக்கும் மேலே, சந்துப் பக்கத்து வென்டிலேட்டர் திண்டில் வைத்தான். படுத்துக் கிடந்த இரண்டு கொம்புகளையும் நேராக நிமிர்த்தினான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. போனைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா கட்டில் வரைக்கும் போனான், எங்கள் அடுப்படி வரைக்கும் வந்தான்.

"ரெண்டு வீட்டுலயும் ஃபுல்லு ஆத்தா. ஒசரத்துல தெறப்பா வச்சாப் போதும். மூடி மட்டும் வைக்காதீங்க."

"இம்புட்டுத்தானாப்பா?" என்று கேட்டுவிட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இம்புட்டுத்தான். பீரோ உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தால் இத்தனை வெயிலும் மிச்சம். சிதறிக் கிடந்த கடலைக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்ப. பிள்ள மழையில நிக்கும். எந்திரி, கடல நசுங்குது."

ஜெர்மனிக்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு தடவைகூட அறுபடவில்லை. வேலை கிடைத்தது. அன்று அலெக்ஸ் கூப்பிட்டபோது அக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டே பேசினார். போனை வைத்த பிறகு என்னிடம், "ஒக்காந்து பேசுனா என்ன பேசுறதுன்னே தெரியலடி" என்றார்.

ஃபெமினா ஜெர்மனி போனாள். அடுத்த வருசம் அலெக்ஸ் குவைத்தை விட்டுத் திருச்சிக்கே வந்து வீடு கட்டித் தாயைக் கூட்டிப்போனான். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நெட்டைக் கழற்ற வேண்டாம், லூர்து மகளோடு பேசட்டும் என்று மகனிடம் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாதாவையும் எனக்காக அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அங்கே போய் ஒரு மழைக்காலம்தான் இருந்தார். மாலைச் செபம் சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அந்தச் செய்தியும் அதே பெட்டி வழியாகத்தான் வந்தது. ஃபெமினாவோடு பேசலாம் என்று போனை எடுத்தேன்; அலெக்ஸ் அழுகிற முகம் தெரிந்தது. இன்னும் எனக்கு அந்த அதிர்ச்சி போகவில்லை. முந்தின நாள்கூடப் போனில் பேசிய ஆள்.

நேரில் கடைசியாகப் பார்த்தது அவர் காரில் ஏறிய அன்றுதான். கதவைச் சாத்தியவர் மறுபடி திறந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லூர்து, பாடுகளின் காலம் வந்தா துணி பீரோவுல இருக்கு. மாதாவுக்கு மட்டும் போடு. மேல இருக்கிறதுக்குப் போட்டுறாத, பாவம், அதுக்குப் புழுங்கும்."