கச்சான் காற்றும் என் நேர்கோடும்

விவசாயக் கந்தோரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாரி அது. துறைமுகத்தைப் பார்த்திருந்த குவாட்டர்ஸின் பின்வளவில் ஒரு பாத்தி போட்டு மிளகாய் விதை தூவினேன். விரல்நகத்தளவு இலை விட்டதும் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. தினமும் விடிந்ததும் குந்தியிருந்து, நூல் கட்டி வைத்த பத்துக் கன்றுகளின் இலைகளை அடிமட்டத்தால் அளப்பேன். தடியில் தொங்கிய வெப்பமானியையும் பார்த்துக் குறிப்பேன்.

வாடை குளிர்ந்து வீசிய நாட்களில் இலை சோம்பிக் கிடந்தது. வெயில் எறித்தால் விறுவிறென்று நீண்டது. வரைபுத்தாளில் புள்ளிகளைக் குத்தினேன். நேர்கோடாக வந்து நின்றன. அன்று சாப்பிட மறந்துபோனேன். நாளை இலை எவ்வளவு நீளும் என்று இன்றைய சூட்டைப் பார்த்தே சொல்வேன். மறுநாள் அளந்தால் அப்படியே இருக்கும்!

அடுத்த ஆவணியில், சைக்கிளைப் படகில் ஏற்றிக் கடலேரியைக் கடந்து குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். அங்கே அண்ணன் என்ற பொருளில் காக்கா என்று நான் அழைத்த ஒரு முஸ்லிம் விவசாயியும் அவர் மனைவியும் தங்களிடம் இருந்த விதை முழுவதையும் ஒரே நாற்றுப் பாத்தியில் போட்டிருந்தார்கள். அது தவறினால் அந்தப் போகமே இல்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் என்ற சுடுகாற்று வீசும் மாதங்களில், பத்து மணிக்குத் தென்னோலைக் கிடுகால் பாத்தியை மூடி, வெயில் தாழ்ந்ததும் திறப்பது அங்கத்தைய வழக்கம்.

"கிடுகை எடுங்கோ காக்கா. சூடு பட்டால்தான் இலை வளரும்," என்றேன்.

"கச்சான் காத்து அடிக்கிற நேரம் ஐயா. நாத்து வெந்து போகுமே."

வரைபுத்தாளை விரித்து, ஆவணிச் சூடுவரை கோட்டைப் பென்சிலால் நீட்டிக் காட்டினேன். தண்ணீர் வாளியோடு நின்ற மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஐயாட கணக்குல கச்சான் எங்க இரிக்கி?"

"அதுவும் சூடுதானே."

"அப்ப எங்கட அடுப்படியிலயும் ரெண்டு நாத்து வைங்க. நாளைக்கே காய் பறிக்கலாம்."

மூவரும் சிரித்தோம். "பாதியத் திறந்து பாப்பம்," என்றார் காக்கா. அதுதான் சரியான பரிசோதனை. படித்த நான் சொல்லியிருக்க வேண்டியது. பாத்தி முழுவதும் ஒரே பச்சையாய் எழுவதைப் பார்க்கும் ஆசையில், "பாதியெல்லாம் ஏலாது, முழுக்கத் திறவுங்கோ," என்றேன். கிடுகு முழுவதையும் எடுத்துவிட்டார்கள்.

பெருமைக்கு மேலதிகாரியையும் வரச் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் அவரோடு அடிமட்டமும் கையுமாக ஓடினேன். இலைகள் சுருண்டு, தொட்டால் நொறுங்கின. குளிர் மாதங்களில் அளந்த கோட்டை அளக்காத சூட்டுக்குள் நீட்டியிருந்தேன். ஓர் எல்லைக்கு மேல் சூடு இலையை வளர்ப்பதில்லை, கொல்கிறது.

"என்ன நடந்தது?" என்று அதிகாரி கேட்டார்.

"தண்ணீர் போதவில்லை, சேர்," என்றேன்.

காக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஓம் சேர், எங்கட பிழைதான்," என்றார்.

அதிகாரி அப்பால் போனதும் மனைவி மெதுவாகக் கேட்டார்: "ஐயாட கோடு கருகல்லதானே?"

அந்த மாரிக்கு அவர்கள் மிளகாய் நடவில்லை.

மறு ஆவணியில் என் வளவில் பாதியை மூடி, பாதியைத் திறந்து அளந்தேன். கோடு ஏறியது, வளைந்தது, விழுந்தது. அந்த அழகான வளைவை மகிழ்ச்சியோடு வரைந்தேன். அதைக் குறிஞ்சாக்கேணிக்குக் கொண்டுபோக எனக்கு முகம் இருக்கவில்லை. தண்ணீர் போதவில்லை என்று அறிக்கையிலும் நான் எழுதிய பொய்யைத் திருத்தவும் இல்லை. அதிகாரியோடு போன அன்று காக்காவின் பாத்தி ஈரமாகத்தான் இருந்தது. என் செருப்பில் சேறு ஒட்டியிருந்தது.