பக்கத்து நிரைக்காரி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வலிக்கிறது என்று காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில்தான் சொல்வோம். வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளையிடம் சொன்னால் லேசு வேலை கிடைக்கும், இல்லாவிட்டால் ஏச்சு கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் ஒருத்தி வலி என்றால், இவளுக்கு என்ன வேண்டுமாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

எனக்கு மூட்டுவாதம் வந்து ஆறு வருடம். மாதாமாதம் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்குகிறேன். இது தீராத வருத்தம் என்று டாக்டர் சொன்னதை ஒருத்தியிடம்தான் சொன்னேன். மலையில் என் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவள் அவள், சீனி வருத்தக்காரி. இருவர் கையும் கண்ணும் செடியில் இருக்கும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. விரல் மடங்கவில்லை என்பேன். கால் எரிகிறது என்பாள். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு இன்னும் எத்தனை வருஷமோ என்று ஒரு நாள் சொன்னேன்.

"எனக்கும் அப்படித்தான்க்கா இருக்கு," என்றாள். ஆறுதல் கீறுதல் ஒன்றும் கிடையாது. அன்றைக்கு எனக்கு மனம் லேசாக இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, புத்தி கெட்டுப்போய், வீட்டுக்காரரிடமும் அப்படிப் பேசிப் பார்த்தேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க. கை இப்படியே கோணிப் போயிருமோன்னு இருக்கு."

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். கல்நெஞ்சுக்காரர் என்று மனதுக்குள் திட்டினேன்.

மறுநாள் பெரட்டில் என் பெயரைக் கூப்பிடவில்லை. முந்தின மாலையே அவர் கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போய், என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடச் சொல்லியிருந்தார்.

"இனி நீ மலை ஏற வேணாம். நான் இருக்கேன்ல," என்றார். அந்த மனிதரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான் கேட்டது இதுவல்ல என்று எந்த வாயால் சொல்வது? அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது பகலெல்லாம் லயத்து வீட்டில் தனியாகக் கிடக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் வலி எப்படி என்று கேட்கிறார். குறைந்திருக்கிறது என்கிறேன். உண்மையைச் சொன்னால் அடுத்து எதை நிறுத்துவாரோ.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நிரைக்காரி என்னைப் பார்க்க வந்தாள். நல்ல சேலை கட்டி, லுணுகலை டவுன் கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டோடு, நோயாளியைப் பார்க்க வரும் முறைப்படி வந்தாள். எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒடம்பு எப்படிக்கா இருக்கு?"

"பரவாயில்ல," என்றேன்.

அவள் காலைப் பற்றி நான் கேட்டேன். அவளும் பரவாயில்லை என்றாள்.