மலையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு

கல்யாண மண்டப வாசலில் கட்டியிருந்த இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகளைப் பார்த்துவிட்டு நீதிபதியம்மா காரைவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. போடிமெட்டுக்குப் போகிற வழியில் முகாம் போட்டிருந்த ராணுவத்தினர் மீது ஏலத்தோட்டத்துப் பெண்கள் புகார் கொடுத்திருந்தார்கள். அதை விசாரிக்க அரசாங்கம் அவரை அனுப்பியிருந்தது. வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்ய என்னைப் போட்டிருந்தார்கள். போடியில் வேறு பெரிய இடம் அமையாததால் கடைவீதி மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். மைக் செட்காரர் எந்த விசேஷத்துக்கும் செய்வதுபோலவே தெரு முழுக்கக் கேட்கும்படி கட்டிவிட்டார்.

"பொது விசாரணைன்னு சொன்னாக. நாலு பேருக்குக் கேக்க வேணாமாங்கம்மா?" என்றார் அவர். அவர்மேல் தப்பில்லை, நோட்டீசிலும் அப்படித்தான் போட்டிருந்தது. நீதிபதியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "விசாரணை பொதுதான். அந்தப் பொண்ணுங்க பட்டது ஊருக்குப் பொது இல்லையே" என்று சொல்லிக் கழற்ற வைத்தார். பெண்களின் வாக்குமூலத்தை மட்டும் மணமகள் அறையில் வாங்கிக்கொள்வதென்று முடிவாயிற்று. மூடி மறைக்கப் பார்க்கிறார்கள் என்று வெளியே முணுமுணுப்பு எழுந்தது. எனக்கும் அந்தச் சந்தேகம் லேசாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று. அதன் ஓரமெல்லாம் பழைய கல்யாணப் பெண்களின் ஒட்டுப்பொட்டுகள். பேசுகிறவள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேச வேண்டியிருக்குமே என்று நீதிபதியம்மா தன் சால்வையை எடுத்து அதன்மேல் போட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை.

சிலமலை என்ற ஊரிலிருந்து வந்த அக்கா ஒருவரை முதலில் கூப்பிட்டார்கள். வேலைக்குப் போன ஜீப்பை ராணுவத்தினர் முகாமருகே நிறுத்தி, சோதனை என்று அவரை மட்டும் இறக்கிக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். அதுவரை தடங்கலில்லாமல் சொன்னார். பிறகு, "உபத்ரவிச்சாகம்மா" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிட்டார்.

அறையில் உடனிருந்த முகாம் தரப்பு வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார். "உபத்திரவம்னா தொந்தரவு. பையைப் பாத்திருப்பாங்க, காக்க வச்சிருப்பாங்க. தொந்தரவுன்னே எழுதிக்கலாம். இல்லைன்னா நடந்ததை விவரமாச் சொல்லட்டும்."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். "போலீசுல சொன்னேன். டாக்டரம்மாகிட்ட சொன்னேன். தாசில்தார் ஆபீசுலயும் சொன்னேன். இன்னும் எத்தன வாட்டிம்மா சொல்றது? நான் போறேன்." அவர் போயிருந்தால் 'தொந்தரவு' என்பதுதான் ஏட்டில் நின்றிருக்கும்.

நீதிபதியம்மா நடந்ததைக் கேட்கவில்லை. "அந்தச் சொல்லை எங்க கேட்டீங்க? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

அக்கா கதவருகே நின்றார். "தோட்டத்துலதாம்மா. மலையாளத்தாளுக பேசுறது. அங்கன ஒரு பிள்ளைய சூப்பர்வைசர் நாசம் பண்ணுனப்ப அவுக ஆத்தா இப்படித்தான் சொல்லி அழுதாக. அதுக்கு அவனை செயில்ல போட்டாக. நம்ம பேச்சுல சொல்ல எனக்கு வாய் வரலம்மா."

நீதிபதியம்மா என் பக்கம் திரும்பி, அந்தச் சொல்லை மாற்றாமல் போடச் சொன்னார். மலையில் அதற்கு என்ன பொருளோ அதையும் பக்கத்தில் எழுதச் சொன்னார். பிறகு வக்கீலிடம், "நேரம், இடம், ஆள் அடையாளம் எது வேணும்னாலும் கேளுங்க, அது உங்க உரிமை. இதை மட்டும் திரும்பக் கேக்காதீங்க" என்றார். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த நிமிடத்தில் நீதிபதியம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அறிக்கை போய்ச் சில வருஷமாகிறது. நீதிபதியம்மா இப்போது இல்லை. இதே புகார் பற்றி மேலிடத்தில் புதிதாக இன்னொரு விசாரணை தொடங்கியிருக்கிறது, வாசலில் கேமராக்களோடு. போன வாரம் போடி பஸ் நிலையத்தில், ஒரு ஜீப்புக்குப் பின்னால் அக்கா நிற்பதைப் பார்த்து அருகில் போனேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"திரும்பக் கூப்பிடுறாகளா?"

"இல்லக்கா. நீங்க அன்னிக்குச் சொன்னதையே எடுத்துக்கணும், மறுபடி கூப்பிடக் கூடாதுன்னு அந்தம்மா அறிக்கையில எழுதியிருந்தாங்க. அதை இவங்களும் ஒத்துக்கிட்டாங்க."

அக்கா ஜீப்பின் மறைவிலிருந்து வெளியே வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அப்ப இனிமே கடைவீதியில உங்களக் கண்டா ஒளிய வேண்டியதில்ல."