உப்புத் தண்ணீரில் மூழ்கிய கரி

நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று, காரைக்காலில் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியை வாங்கி, கலந்து, பாய்லர்களுக்கு அனுப்பும் யார்டு எனக்குச் சொந்தம். கரியைக் கையில் எடுத்தாலே ஜாதகம் சொல்வேன் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

போன வருடம் கல் கலந்த மட்டக் கரி ஒரு லோடு வந்து மாட்டியது. போலகம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் வாடிக்கையாளர் யார்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, போன தடவையே சாம்பல் உருகி அடுப்புல பாறையாட்டம் புடிச்சுக்கிச்சு. மறுபடியும் அப்புடி ஆச்சுன்னா நான் உமியெரிக்கவே போயிடுவேன். கோச்சுக்காதீங்க."

அவர் போனால் மற்ற ஆலைக்காரர்களும் பின்னாலேயே போவார்கள். கழுவினால் தேறுமா என்று லேபில் பார்த்துவிடலாம் என்றேன்.

பக்கத்தில் நின்ற என் மைத்துனன் முந்திக்கொண்டான். நெரவியில் நெல் சாகுபடி செய்பவன். "இதுக்கு எதுக்கு மச்சான் லேபு? வெதநெல்லு பாக்குற மாதிரி பாத்துருவோம்."

தொட்டியில் உப்பைக் கரைத்தான். முட்டை மிதக்கும்வரை கரைத்துவிட்டு, கரியைக் கொட்டினான். அத்தனையும் மூழ்கியது.

"பாத்தீங்களா! மெதக்குற பதரு ஒண்ணு கெடையாது!"

ஆலைக்காரரும் நெல் குடும்பம்தானே. "அட, எல்லாம் மணியால்ல இருக்கு!" என்று மலர்ந்துபோனார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்குமா? "கரியில மிதக்குறதுதாங்க மணி. முழுகுறது கல்லு" என்று பாடம் எடுத்தேன்.

அவர் முகம் சுண்டியது. "அப்ப அம்புட்டும் கல்லாண்ணே?"

உப்புத் தண்ணீரில் நல்ல கரியும் மூழ்கும், அது மிதக்க இன்னும் கனமான தண்ணீர் வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். யார் கேட்டார்கள்? இருவரையும் காரில் ஏற்றி லேபுக்கே கொண்டுபோனேன்.

அங்கிருந்த பெண் ஏதோ மருந்து கரைத்த கனமான நீரில் அதே கரியைப் போட்டாள். கரி மேலே வந்தது. கல் அடியில் தங்கியது.

"கல்லு தனியாத்தான் இருக்கு சார், கழுவுனா போயிடும். சாம்பல் கம்மியான கரியோட பாதிக்குப் பாதி கலந்துக்குங்க."

ஆலைக்காரருக்கு இன்னும் அரை மனதுதான். "ஒரு லாரி அனுப்புங்கண்ணே. ஆனா மொத நாளு ஒங்க மச்சினருதான் அடுப்படியில நிக்கணும். பாறை புடிச்சா கடப்பாரையும் அவரு கையிலதான்."

கழுவி, கலந்து, அனுப்பினேன். மைத்துனன் பகல் முழுக்க வெந்துகொண்டு நின்றான். சாயங்காலம் நான் ஆலைக்குப் போனபோது சாம்பலை வாரினார்கள்; மாவு மாதிரி வந்தது.

ஆலைக்காரர் அவன் தோளில் தட்டி, "அடுத்த லோடு எப்ப அனுப்புறீங்க?" என்று கேட்டார். அவனும் கூசாமல், "நாளைக்கே" என்றான். கலந்தவன் நான், குத்துக்கல் மாதிரி பக்கத்திலேயே நிற்கிறேன்!