தொட்டால் பாடும் பிச்சி

சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டோரம் திறக்கப்போகும் பொழுதுபோக்குப் பூங்காவுக்காகத் தொட்டால் பாடும் செடிகளை அமைத்துக்கொண்டிருக்கிறேன். தொட்டி மண்ணுக்குள் சென்சார் இருக்கும். இலையில் விரல் பட்டதும் விளக்கெரிந்து பாட்டு வரும். கடைசித் தொட்டியில் பிச்சிக்கொடி. பூங்கா முதலாளி அண்ணாச்சி, "எங்க, தொட்டுக் காட்டும்மா பாப்போம்" என்றார். குனிந்தேன். மொட்டு வாசம் மூக்கில் ஏறியது.

பதிமூன்று வயதில், மாதத்தில் நான்கு நாள் எனக்குப் பின்கட்டு அறைதான். அதன் ஜன்னல் கம்பியில் பிச்சி படர்ந்திருக்கும். அம்மா சோற்றுத் தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று, "ஏட்டி, கொடியத் தொட்டுராத, பட்டுப்போவும்" என்பாள். ஒரு சித்திரையில் பொறுக்கமாட்டாமல், கம்பி வழியே ஒரு மொட்டைத் தொட்டுவிட்டேன். நான்காம் நாள் தலைக்குக் குளித்து வெளியே வந்தால் கொடி சுருண்டு கிடந்தது. "ஏட்டி, கொடியத் தொட்டியா?" என்றாள் அம்மா. தலையாட்டினேன். அடுத்த மாதம் அந்த ஜன்னலில் பலகை வைத்து ஆணியடித்திருந்தார்கள்.

தினமும் அந்தக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவது நான்தான். நான் உள்ளே கிடந்த நான்கு நாளும் ஒருவரும் ஊற்றவில்லை. இது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆனது.

"என்னம்மா யோசிக்க?" என்றார் அண்ணாச்சி.

இன்று எனக்கு இரண்டாம் நாள்.

"கையெல்லாம் மண்ணா இருக்கு அண்ணாச்சி, நீங்களே தொடுங்க" என்றேன். அவர் தொட்டார், கொடி பாடியது. சுத்தமாக இருந்த என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.