காலித் தொட்டில்

என் கைக்குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து மலைக்குளிரில் வேம்பு வளராது. கீழ்நாட்டிலிருந்து வரவழைத்த வேப்பிலையை எங்கள் லயத்து வீட்டு வாசலில் கட்டினோம். கட்டிவிட்டால் மருந்தும் டாக்டரும் உள்ளே வரக்கூடாது.

அன்று காலையிலிருந்து பிள்ளை பால் குடிக்கவில்லை. மூச்சிழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. நான் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்போது டாக்டர் வாசலில் வந்து நின்றார். நாங்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவுக்கு வாரந்தோறும் ஹட்டனிலிருந்து வருகிற யாழ்ப்பாணத்துக்காரர்.

என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார்.

“ஆத்தா வந்திருக்கா. மருந்து குடுத்தா கோவிச்சுக்குவா. போயிடுங்க ஐயா.”

பிள்ளையின் மூச்சு வாசல்வரை கேட்டது. டாக்டர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால் கழுவினார்.

“அம்மாளுக்கு மருந்து குடுக்க நான் வரேல்லை, தம்பி. நெஞ்சுச் சளிக்குத்தான் வந்தனான். வழி விடும்.”

வீட்டுக்காரர் வழி விடவில்லை. நான்தான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குமுன் அவரை நான் எதிர்த்ததே இல்லை.

டாக்டர் ஊசி போட்டார். மறுநாள் பிள்ளை பாலுக்கு அழுதாள்.

நாங்கள் அவரைக் கூப்பிடவே இல்லை. பிள்ளைக்காம்பராவில் ஒரு தொட்டில் காலியாகத் தொங்குவதைப் பார்த்து, “இந்தப் பிள்ளை எங்கை?” என்று கேட்டுக்கொண்டே மலையேறி வந்திருக்கிறார்.